மலைக்கு அப்பால் ஒரு தலைநகர்

தாமிரபரணிக் கரையில் வாழும் நமக்கு மிக அண்மையில் உள்ள தலைநகர் சென்னையன்று. திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு 600 கிலோமீட்டருக்கும் மேல். திருவனந்தபுரமோ நாகர்கோவில் வழியே ஏறத்தாழ 150 கிலோமீட்டர்தான். பறவைக்கு இன்னும் அருகு. பொதிகையின் கிழக்குச் சரிவில் பொருநை இறங்குகிறது. அதே மலைத்தொடரின் மேற்குச் சரிவில் கரமனை ஆறு இறங்கித் திருவனந்தபுரத்தைத் தழுவிக் கடலில் கலக்கிறது. ஒரே மலையின் முகமும் முதுகும் போன்றவை இவ்விரு நாடுகளும்.

ஆகவே, கோடை விடுமுறையிலும் பெருநாளை அடுத்த நாட்களிலும் நம் குடும்பங்கள் வேன் பேசிக்கொண்டு அந்நகருக்குப் புறப்படுவதில் வியப்பில்லை. ஸுப்ஹுத் தொழுகை முடிந்ததும் புறப்பாடு. உயிரியல் பூங்கா, அருங்காட்சியகம், கோவளம் கடற்கரை, பீமாப்பள்ளியில் ஜியாரத், சாலைக் கடைத்தெருவில் சிறிது கொள்முதல், பின்னிரவில் வீடு. பிள்ளைகளிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் புலி என்பார்கள். புலியை நாம் குறை கூறவில்லை. ஆனால் அந்த வழி நெடுக நம் முன்னோரின் சுவடுகள் கிடக்கின்றன என்பதையும், அந்தத் தலைநகர் ஆண்ட நாட்டில் ஒரு பெரும் பகுதி தமிழ் பேசியது என்பதையும் வேனில் இருந்த பெரியவர் ஒருவராவது சொல்லியிருக்கலாம் அன்றோ?

மலையை நேரே கடக்க வழியில்லை. தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய், வடக்கே ஆரியங்காவுக் கணவாய், இவ்விரண்டே நம்மவர் நடந்த வழிகள். ஆரல்வாய்மொழியைத் தாண்டிய அக்கணமே நம் பாட்டனார் வேறோர் அரசரின் நாட்டில் கால் வைத்தார். தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுக்காக்களும் 1956 நவம்பர் 1ஆம் நாள்தான் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. அதுவரை திருவனந்தபுரமே அவற்றின் தலைநகர். நாஞ்சில் நாட்டு நெல்தான் அந்த அரசின் களஞ்சியத்தை நிரப்பிற்று.

நாகர்கோவிலுக்குள் நுழைந்ததும் கோட்டாறு வருகிறது. அதை அடுத்தது இடலாக்குடி. சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் 1874இல் பிறந்த ஊர் அதுவே. ஒரே அமர்வில் நூறு செய்திகளில் கருத்தைச் செலுத்தி, எதனையும் நழுவவிடாது விடையிறுக்கும் அரிய கலையை 1907இல் சென்னையில் அறிஞர் பேரவையின் முன் நிகழ்த்திக் காட்டியவர். சீறாப்புராணத்திற்கு உரை கண்டவர். 1950இல் அவர் மறைந்தபோதும் அவ்வூர் திருவனந்தபுரத்தின் ஆட்சியில்தான் இருந்தது. தமிழகம் தலைமேல் வைத்துக் கொண்டாடிய அப்புலவர் தம் வாழ்நாள் ஏறத்தாழ முழுதும் மலையாள நாட்டு மன்னரின் குடியாகவே வாழ்ந்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருக்கிறோம்?

அங்கிருந்து தக்கலை. இவ்விடத்தில் பயணத்தைச் சற்று நிறுத்தத்தான் வேண்டும். ஏனெனில் திருவிதாங்கூரின் பழைய தலைநகரான பத்மநாபபுரம் இதன் அருகில்தான் இருக்கிறது. 1795ஆம் ஆண்டளவில், தர்மராஜா எனப்பட்ட கார்த்திகைத் திருநாள் இராமவர்மரின் ஆட்சியில், தலைநகர் இங்கிருந்து திருவனந்தபுரத்திற்கு மாறியது. கோட்டைச் சுவருக்குள் மரத்தாலான அந்த அரண்மனை இன்றும் நிற்கிறது. கண்ணாடிபோல் முகம் காட்டும் கருந்தரை, சீனச் சாடிகள், மூலிகை மரங்களால் இழைத்த கட்டில், ஆயிரம் பேர் ஒரு பந்தியில் அமர்ந்துண்ட ஊட்டுப்புரை என்று பார்ப்பதற்கு ஒரு முற்பகல் போதாது. நிலம் தமிழ்நாட்டினுடையது; அரண்மனையைக் காப்பது கேரள அரசு. மாநில எல்லைகளை வகுத்தபோது நேர்ந்த இத்தகைய விந்தை வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காது. (திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை; திருவனந்தபுரத்து உயிரியல் பூங்காவுக்கும் அன்றே விடுமுறை. அன்று புறப்படுவோர் இரண்டு பூட்டுகளைப் பார்த்துத் திரும்ப நேரும்.)

அரண்மனையிலிருந்து சிறிது தொலைவில், அதே தக்கலையில், மெய்ஞ்ஞானி பீர்முஹம்மது அப்பா (ரஹ்) அவர்களின் தர்கா இருக்கிறது. அவர்கள் பிறந்தது நம் தென்காசியில். வாழ்ந்து மறைந்தது தக்கலையில். 17ஆம் நூற்றாண்டினர். தறியில் நெய்து உண்டவர் என்பர். ஞானப்புகழ்ச்சி, ஞானமணிமாலை, ஞானக்குறம் முதலிய பல நூல்களைத் தமிழுக்கு அருளினார்கள். நெசவாளி ஒருவர் மலையைச் சுற்றி வந்து, அரசன் வீற்றிருந்த கோட்டையின் நிழலில் அமர்ந்து, இறைவனைத் தமிழால் புகழ்ந்து பாடியிருக்கிறார். அரண்மனை மாலையானதும் பூட்டப்படுகிறது. அவர்களுடைய ஞானப்புகழ்ச்சியோ, ரஜப் மாதத்து ஆண்டு விழாவில் ஓர் இரவு முழுதும் கூட்டமாக அமர்ந்து பாடப்பெறுகிறது. அரண்மனைக்குச் சீட்டு வாங்கும் குடும்பம், தர்காவில் பாத்திஹா ஓதுவதோடு நில்லாமல் அந்நூற்படி ஒன்றையும் வீட்டுக்கு வாங்கிச் செல்லுமானால் நன்று.

அருகிலேயே உதயகிரிக் கோட்டை. 1741இல் குளச்சலில் டச்சுப் படை மார்த்தாண்டவர்மரிடம் தோற்றது. சிறைப்பட்ட டி லனாய் என்னும் படைத்தலைவர் பின்னர் அம்மன்னரிடமே பணியேற்றுத் திருவிதாங்கூர்ப் படையைப் பயிற்றினார். 1777இல் இறந்து இக்கோட்டைக்குள் அடக்கமானார். அவருடைய கல்லறைக் கல்லில் இரண்டு மொழிகள் உள்ளன. ஒன்று இலத்தீன், மற்றொன்று தமிழ். ஐரோப்பியத் தளபதிக்குத் திருவிதாங்கூரில் எழுப்பிய கல்லறையில் தமிழ் பொறிக்கப்பட்டது என்றால், அந்நாட்டில் தமிழ் பெற்றிருந்த இடத்துக்கு வேறு சான்று வேண்டுமோ?

இனி நகருக்குள் செல்வோம்.

கிழக்கே கோட்டையை ஒட்டிய சாலைக் கடைத்தெரு, திவான் இராஜா கேசவதாசர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வளர்த்தெடுத்த அங்காடி. இங்கே இன்றும் தமிழ் தாராளமாக ஒலிக்கும். பத்மநாபசாமி கோயிலின் கோபுரத்தை நாம் வெளியிலிருந்துதான் காண முடியும். அதன் எதிரே 19ஆம் நூற்றாண்டுக் கடிகாரம் ஒன்றுண்டு. தாடி வைத்த ஒரு முகம். இருபுறமும் இரண்டு ஆட்டுக்கடாக்கள். மணி அடிக்கும்போது முகம் வாய் திறக்க, கடாக்கள் கன்னத்தில் வந்து முட்டுமாறு அமைத்திருக்கிறார்கள். அதற்கு மேத்தன் மணி என்று பெயர். தென் திருவிதாங்கூரில் முஸ்லிம்களைக் குறிக்க வழங்கிய சொற்களில் மேத்தன் என்பதும் ஒன்று. பெயரைக் கேட்டு நம் பெரியவர் சிலர் முகம் சுளிப்பதுண்டு. நாம் சுளிக்கவில்லை. அந்தத் தாடி முகம் அந்நகரத் தெருவுக்கு எவ்வளவு பழகிப்போன முகம் என்பதே நமக்குத் தோன்றுகிறது. பிள்ளைகள் வாய்விட்டுச் சிரித்தால் சிரிக்கட்டும்.

பாளையம் என்னும் பகுதியின் பெயரே படை தங்கிய இடத்தைச் சொல்லுகிறது. அங்குள்ள பள்ளிவாசல் 1813ஆம் ஆண்டளவில் பட்டாளத்தாருக்கென எழுந்த சிறு பள்ளி. இன்றைய பெரும் பள்ளியைக் குடியரசுத் தலைவர் டாக்டர் ஜாகிர் ஹுசைன் 1967இல் திறந்து வைத்தார். அருகில் கணபதி கோயில்; எதிரே கிறிஸ்தவப் பேராலயம். ளுஹர் தொழுகைக்கு அங்கே இறங்குவோர் இம்மூன்றையும் ஒரே பார்வையில் காணலாம்.

அருங்காட்சியகத்தை நிறுவும் பணி 1855இல் தொடங்கிற்று. உயிரியல் பூங்கா 1859இல் வந்தது. இப்போதுள்ள நேப்பியர் கட்டடத்தைக் கட்டி முடித்தது 1880இல். அதன் சிற்பி சிசோம், சென்னைப் பல்கலைக் கழகத்தின் செனட் மண்டபத்தைக் கட்டியவரும் ஆவார். அரசர்களின் சேமிப்பைக் குடிமக்களும் குழந்தைகளும் கண்டு மகிழத் திறந்துவிட்டது நல்ல காரியமே. ஆயினும் அங்குள்ள தந்தச் சிற்பங்களையும் தேரையும் பார்த்துவிட்டு வெளிவரும்போது, ஊரை ஊட்டிய உழவனும் நெய்தவனும் வணிகனும் எங்கே என்ற கேள்வி நம் மனத்தில் எழாமல் இல்லை. அவர்களைத் தேடி வந்த வழியில்தான் திரும்ப வேண்டும்.

இந்நகருக்கும் நமக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல் ஒருவழிப்பட்டதன்று. திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்து, 1891இல் மனோன்மணீயம் நாடகத்தை வெளியிட்ட சுந்தரம் பிள்ளையின் பெயரையே 1990இல் தோன்றிய திருநெல்வேலிப் பல்கலைக் கழகம் தாங்கி நிற்கிறது. தோப்பில் முஹம்மது மீரானோ 1944இல் தேங்காய்ப்பட்டினத்தில் திருவிதாங்கூர்க் குடிமகனாகப் பிறந்து, மலையாளத்தில் பள்ளிக் கல்வி பெற்று, திருநெல்வேலிக்கு வந்து மிளகாய் வணிகம் செய்துகொண்டே தமிழில் நாவல்கள் எழுதினார். 'சாய்வு நாற்காலி' அவருக்கு 1997இல் சாகித்திய அகாதமி விருதைத் தேடித் தந்தது. 2019இல் அவர் மறைந்ததும் நெல்லையிலேயே.

திரும்புங்கால் வடக்கு வழியாக வரலாம். கொல்லத்தையும் திருநெல்வேலியையும் இணைத்த இருப்புப் பாதை 1904இல் இந்த வழியாகத்தான் வந்தது. தெற்கே நாகர்கோவில் வழியாக நமக்கு இரயில் கிடைத்தது 1981இல்தான். அதுவரை நெடுங்காலம் இரயிலேறித் திருவனந்தபுரம் போனவர்கள் அனைவரும் ஆரியங்காவுக் குகையின் இருளையும், கழுதுருட்டியின் பதின்மூன்று கண் பாலத்தையும் கடந்தே போயினர். மலையிறங்கினால் செங்கோட்டை. அதுவும் 1956 வரை அந்தத் தலைநகருக்கு உரியதாகவே இருந்தது. திருவிதாங்கூரின் சங்கு முத்திரை பொறித்த வளைவு அவ்வூரில் இன்னும் நிற்கிறது. அதைக் கடந்து சிறிது தூரம் வந்தால் பீர்முஹம்மது அப்பா அவர்கள் பிறந்த தென்காசி.