வானிலிருந்து நம் ஏரிகளைப் பார்த்த கறுப்பு வெள்ளை பிலிம்



ஐப்பசி, கார்த்திகை வந்தால் நம்மைப் போன்ற அபார்ட்மெண்ட்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "எல்லா இடத்திலும் தண்ணீர் வடிந்துவிட்டது, இந்த மூலையில் மட்டும் ஏன் நிற்கிறது?" பக்கத்து ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால், "அங்கே ஒரு வாய்க்கால் ஓடிச்சுங்க" என்பார்கள். பில்டரைக் கேட்டால் அப்படி எதுவும் இல்லை என்பார். இதில் எது சரி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உங்கள் போனில் இருக்கும் வரைபடம் இதற்கு முழுதாக உதவாது. அதில் பின்னோக்கிப் போனால் ஏறக்குறைய இருபது ஆண்டுப் படங்கள்தான் தெளிவாகக் கிடைக்கும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது 1998-இல். அதற்கு முன் மண்ணூரும் ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் எப்படி இருந்தன என்பதை வானிலிருந்து பார்க்க வேண்டுமானால், நமக்குக் கிடைக்கும் சாட்சி பெரும்பாலும் கறுப்பு வெள்ளை பிலிம்தான். அந்த பிலிமின் கதையைத்தான் இந்த இதழில் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

பலூனில் ஏறிய கேமரா

முதன்முதலில் வானிலிருந்து படம் எடுத்தவர் நாதார் என்ற பெயரில் புகழ்பெற்ற பிரெஞ்சு புகைப்படக்காரர். ஆண்டு 1858. அப்போது பிலிம் கிடையாது, கண்ணாடித் தகடுதான். அதில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, ஈரம் காய்வதற்குள் கழுவியும் ஆகவேண்டும். அதனால் பலூன் கூடையிலேயே ஒரு இருட்டறையைக் கட்டிக்கொண்டு போனார். பலூனிலிருந்து கசிந்த வாயு தகட்டின் ரசாயனத்தைக் கெடுத்துப் பல முறை படமே வரவில்லை. அவர் எடுத்த அந்த முதல் படம் இன்று இல்லை. இன்று நம்மிடம் இருப்பதில் மிகப் பழையது, 1860-இல் ஜேம்ஸ் வாலஸ் பிளாக் பலூனிலிருந்து எடுத்த அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் படம்.

முதல் உலகப்போரில் விமானத்திலிருந்து எதிரியின் பதுங்குகுழிகளைப் படம் எடுத்தார்கள். போர் முடிந்ததும் அதே திறமை நிலம் அளக்கும் வேலைக்கு வந்தது.

சங்கிலியிலிருந்து விமானத்துக்கு

நில அளவையில் நம் பகுதிக்குத் தனிப் பெருமை உண்டு. இந்திய நில அளவைத் துறை 1767-இல் தொடங்கியது. 1802-இல் வில்லியம் லாம்டன் நம்மிடமிருந்து அதிக தூரமில்லாத பரங்கிமலை அருகே, ஏறக்குறைய 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நேர்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளந்தார். இந்தியாவின் நெடுக்கையே அளந்த அந்த மாபெரும் வேலைக்கு அடிக்கோடு அதுதான். வெயிலில் சங்கிலி நீளும் என்பதால், வெப்பத்தையும் கூடவே அளந்து கணக்கில் கழித்தார்கள்.

அதற்குப் பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேல் நில அளவை என்றால் மனிதர் நடந்து அளப்பதுதான். நடக்க முடியாத இடத்தில்தான் விமானம் கைகொடுத்தது. 1924-இல், அன்று பிரிட்டிஷ் இந்தியாவோடு இருந்த பர்மாவில், ஐராவதி ஆற்றுக் கழிமுகத்துச் சதுப்புக் காடுகளை ரொனால்டு கெம்ப் குழுவினர் விமானத்திலிருந்து படம் எடுத்து வரைபடமாக்கினார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்த வேலையை மூன்று அமைப்புகள் பகிர்ந்துகொண்டன: இந்திய விமானப்படை, கல்கத்தா டம்டம்மில் இருந்த ஏர் சர்வே கம்பெனி, 1970-களில் ஹைதராபாத்தில் உருவான தேசியத் தொலையுணர்வு முகமை. படத்தைப் படிக்கத் தெரிந்தவர்களை உருவாக்க, நெதர்லாந்து உதவியுடன் 1966-இல் டேராடூனில் ஒரு பயிற்சி நிறுவனமும் வந்தது.

ஆனால் படங்கள் பொதுமக்கள் கைக்கு வரவில்லை. விமானத்திலிருந்து அனுமதியின்றிப் படம் எடுக்கக்கூடாது என்பது 1937-ஆம் ஆண்டு விமான விதிகளிலேயே இருந்தது. எடுப்பதற்குப் பாதுகாப்பு அமைச்சகத்தின் அனுமதி வேண்டியிருந்தது. எடுத்த படத்தை யார் பார்க்கலாம் என்பதற்கும் கட்டுப்பாடு இருந்தது. உங்கள் ஊரின் படம் எங்கோ ஓர் அலமாரியில் இருக்கும், உங்களால் பார்க்க முடியாது. இதுதான் அன்றைய நிலைமை.

ஒரு படத்துக்குள் எத்தனை ஏரி?

அளவைக்கான பிலிம் நாம் கல்யாண ஆல்பத்துக்குப் பயன்படுத்திய 35 மில்லிமீட்டர் பிலிம் அல்ல. அகலம் 24 சென்டிமீட்டர். ஒரு படம் 23-க்கு 23 சென்டிமீட்டர். ஏறக்குறைய நம் சமையலறை டைல்ஸ் அளவு. விமானத்தின் தரையில் துளையிட்டு, கேமராவை நேர் கீழே பார்க்க வைப்பார்கள்.

ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். 1:25,000 அளவில் படம் வேண்டும், லென்ஸின் குவியத்தூரம் 152 மில்லிமீட்டர் என்றால் விமானம் தரையிலிருந்து 3,800 மீட்டர் உயரத்தில் பறக்க வேண்டும். ஒரு படத்தில் 5.75 கிலோமீட்டர் நீளமும் அதே அகலமும் அடங்கும். அதாவது 33 சதுர கிலோமீட்டர். ஒரு ஏரி, அதன் கரை, கலங்கல், கீழே ஆயக்கட்டு வயல், ஊர், சுடுகாடு, களம் எல்லாம் ஒரே சட்டத்துக்குள் வந்துவிடும்.

ஒரு படம் முடிந்த இடத்தில் அடுத்த படத்தைத் தொடங்குவதில்லை. ஒவ்வொரு படத்திலும் 60 சதவீதம் முந்தைய படத்தில் இருந்ததே மறுபடி வரும்படி எடுப்பார்கள். காரணம், நம் இரண்டு கண்களும் ஒரே பொருளைச் சற்றே வேறு கோணத்தில் பார்ப்பதால்தான் நமக்கு மேடு பள்ளம் தெரிகிறது. அதுபோல, அடுத்தடுத்த இரண்டு படங்களை ஸ்டீரியோஸ்கோப் என்ற கருவியில் வைத்துப் பார்த்தால், ஏரிக்கரை மேசைமேல் எழுந்து நிற்கும். உயரத்தையும் அளக்கலாம்.

விமானம் மணிக்கு 250 கிலோமீட்டரில் போனால் 33 விநாடிக்கு ஒரு படம் எடுக்க வேண்டும். ஷட்டர் ஒரு விநாடியில் முந்நூறில் ஒரு பங்கு நேரமே திறந்தாலும், அதற்குள் விமானம் 23 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். பிலிமில் அது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதால் கண்ணுக்குத் தெரியாது.

ஏன் கறுப்பு வெள்ளை? அதில் நுணுக்கம் அதிகம், செலவு குறைவு, கழுவுவது எளிது. உயரத்திலிருந்து பார்க்கும்போது காற்றின் மங்கல் நீல நிறத்தில்தான் அதிகம் சிதறும். லென்ஸின் முன் மஞ்சள் கண்ணாடி வைத்து நீலத்தைத் தடுத்தால் தரை தெளிவாகிவிடும். கலர் பிலிமில் அப்படிச் செய்தால் படம் முழுதும் மஞ்சள் அடித்துவிடும்.

இருட்டறையில் என்ன நடந்தது?

எல்லா நிறத்தையும் உணரும் பிலிம் என்பதால் சிவப்பு விளக்குகூடப் போடமுடியாது. முழு இருட்டில், கைத்தடவலிலேயே 75 மீட்டர் பிலிமைக் கையாள வேண்டும். தொட்டிக்குள் இரண்டு உருளைகள் இருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு, பிறகு திரும்ப இதற்கு என்று டெவலப்பருக்குள் பிலிமைச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். பிறகு ஹைப்போவில் நிலைநிறுத்துவது, அப்புறம் நல்ல தண்ணீரில் நீண்ட நேரம் அலசுவது, கடைசியாகத் தூசியில்லாமல் உலர்த்துவது. பிற்காலத்தில் பிலிமை உருளைகளே இழுத்துச் செல்லும் இயந்திரங்கள் வந்தன.

நம் ஊர் வெயிலுக்கு இது சோதனை. டெவலப்பர் 20 டிகிரியில் இருக்க வேண்டும். சித்திரையில் நம் மாடித்தொட்டித் தண்ணீர் எத்தனை டிகிரியில் வரும் என்பது உங்களுக்கே தெரியும். சூட்டில் பிலிமின் ஜெலட்டின் பூச்சு ஊறி, இளகி, தொட்டால் உரிந்துவிடும். அதனால் கரைசலைக் குளிர வைப்பார்கள். இல்லையென்றால் ஜெலட்டின் ஊறாதிருக்க டெவலப்பரில் சோடியம் சல்பேட் சேர்ப்பார்கள், படிகாரக் கரைசலில் முக்கி இறுகவைப்பார்கள். மத்திய அரசின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலைக்கு 1960-இல் ஊட்டியைத் தேர்ந்ததற்கும் குளிரும் தூசியற்ற காற்றும் காரணம். 1967-இல் உற்பத்தி தொடங்கிய அந்த ஆலையின் 'இந்து' பிலிமும் எக்ஸ்ரேயும் நம் வீடுகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் வந்தவைதான். கலரும் பிறகு டிஜிட்டலும் வந்தபின் ஆலை நலிந்து மூடப்பட்டது.

இத்தனை கவனம் எதற்கு? 1:25,000 படத்தில் பிலிம் 0.1 மில்லிமீட்டர் சுருங்கினால் தரையில் 2.5 மீட்டர் பிசகும். ஒரு வாய்க்காலின் அகலமே அவ்வளவுதான் இருக்கும். அதனால்தான் எளிதில் சுருங்காத பாலியஸ்டர் பிலிமுக்கு மாறினார்கள். சரியாக அலசாமல் ஹைப்போ தங்கிவிட்டால், சில ஆண்டுகளில் படம் மஞ்சளாகி மங்கிவிடும். படமாக நிற்பது வெள்ளி என்பதால் இன்னொரு ஆபத்தும் உண்டு. பழைய எக்ஸ்ரேக்களை எடைக்கு வாங்கி வெள்ளி எடுக்கிறார்களே, எந்தப் பழைய பிலிமுக்கும் அந்த முடிவு வரலாம்.

கறுப்பாகத் தெரிவதெல்லாம் தண்ணீரா?

படம் கையில் கிடைத்தால் எப்படிப் படிப்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

தெளிந்த ஆழமான நீர் கறுப்பாகத் தெரியும். கலங்கிய நீர் சாம்பல் நிறத்தில் இருக்கும். சூரியன் நீரில் பட்டு நேராகக் கேமராவுக்குத் திரும்பினால் அதே ஏரி பளீரென்று வெள்ளையாகிவிடும். மணலும் காய்ந்த பாதையும் வெளிர். ஈர மண் கறுத்துத் தெரியும். இதனால்தான், தூர்ந்துபோன வாய்க்கால்கூடச் சில சமயம் வயலின் நடுவே வளைந்து போகும் ஒரு கரிய கோடாகத் தெரியும். பனைமரத்தை அதன் நிழலை வைத்தே கண்டுபிடிக்கலாம். படத்தை நிழல் உங்கள் பக்கம் விழும்படி வைத்துப் பாருங்கள். திருப்பி வைத்தால் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் கண்ணுக்குத் தோன்றும்.

முக்கியமான எச்சரிக்கை: ஒரு படம் என்பது ஒரே ஒரு நாளின் நிலை. வறண்ட ஆண்டில் எடுத்த படத்தில் ஏரி வெறும் மேய்ச்சல் நிலம்போல இருக்கும். ஒரு படத்தை மட்டும் வைத்து "இங்கே ஏரி இருந்ததே இல்லை" என்றோ "இது முழுக்க ஆக்கிரமிப்பு" என்றோ முடிவு கட்டக்கூடாது.

நாம் என்ன செய்யலாம்?

நம் பகுதியை ஏரி மாவட்டம் என்றே சொல்வார்கள். ஒரு ஏரியின் கலங்கல் தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போகும், சங்கிலித் தொடர். நமக்குக் கிழக்கே இருக்கும் செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. 2015 டிசம்பர் 1 அன்று அங்கிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி வரை திறந்துவிடப்பட்டதும், அடையாற்றுக் கரைகள் பட்ட பாடும் உங்களுக்கு நினைவிருக்கும். தண்ணீர் பழைய வழியை மறப்பதில்லை. அந்த வழி நமக்கும் தெரிந்திருந்தால் மழைநீர் வடிகாலைச் சரியான பக்கம் போடலாம், சம்பையும் ஜெனரேட்டரையும் சரியான இடத்தில் வைக்கலாம், பக்கத்து லேஅவுட்டோடு வீண் சண்டை போடாமல் இருக்கலாம்.

இப்போது வழிகளும் திறந்திருக்கின்றன. 1960 முதல் 1972 வரை அமெரிக்காவின் கரோனா உளவுச் செயற்கைக்கோள்கள் கறுப்பு வெள்ளை பிலிமிலேயே உலகைப் படம் எடுத்தன. எடுத்த பிலிமைப் பெட்டியில் வைத்து பாராசூட்டில் கீழே அனுப்ப, பசிபிக் கடலுக்கு மேலே விமானம் அதைக் கொக்கியால் பிடித்தது! 8 லட்சத்துக்கும் அதிகமான அந்தப் படங்களின் ரகசியம் 1995-இல் நீக்கப்பட்டது. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் இடத்தைக் குறித்துத் தேடலாம். ஏற்கெனவே ஸ்கேன் செய்தவை இலவசம், மற்றவற்றுக்குக் கட்டணம். இந்தியாவிலும் 2021 பிப்ரவரியில் வந்த புதிய வழிகாட்டுதல்கள் வரைபடத் தரவுகள் மீதிருந்த பல கட்டுப்பாடுகளைத் தளர்த்தின. இந்திய நில அளவைத் துறையின் வரைபடங்களை இணையத்திலேயே பெறலாம்.

படத்தோடு நிறுத்திவிடாதீர்கள். தமிழக அரசின் நிலப் பதிவேட்டுத் தளத்தில் நம் சர்வே எண்ணுக்கும் சுற்றியுள்ள எண்களுக்கும் 'அ' பதிவேட்டையும் புலப்படத்தையும் எடுத்துப் பாருங்கள். வாய்க்கால், ஏரி, புறம்போக்கு என்ற வகைப்பாடு அதில்தான் இருக்கும். சட்டத்துக்கு முன் நிற்பது அந்தத் தாள். படம் அதற்குத் துணைச் சாட்சி. இரண்டும் ஒரே இடத்தைக் காட்டினால், ஊராட்சியிடமும் நீர்வளத் துறையிடமும் நாம் கொடுக்கும் மனுவுக்குத் தனி பலம் வரும்.

உங்களில் சிலர் இந்தப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். வீட்டில் 1998-க்கு முந்தைய கறுப்பு வெள்ளைப் படம் ஏதாவது இருந்தால், கரையோ மதகோ வயலோ பின்னணியில் தெரிந்தால் போதும், தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சங்க அலுவலகத்துக்கு ஒரு நகல் கொடுங்கள். எடுத்த ஆண்டும் எந்தப் பக்கம் பார்த்து எடுத்தது என்பதும் பின்னால் பென்சிலில் எழுதியிருந்தால் இன்னும் நல்லது. அடுத்த வடகிழக்குப் பருவமழைக்குள் நமக்கென்று ஒரு பழைய நீர்வழிப் படத்தைத் தயாரித்துவிடலாம்.