ஒரு ஸாவு நீர்

நபித்தோழர் ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்களைக் காண ஒரு முறை சிலர் சென்றிருந்தனர். நாயகத் திருமேனியின் வழித்தோன்றலான முஹம்மது பாகிர் (ரஹ்) அவர்களும் தம் தந்தையாருடன் அங்கிருந்தார்கள். குளிப்புக்கு எவ்வளவு நீர் வேண்டும் என்னும் பேச்சு எழுந்தது. ஒரு ஸாவு போதும் என்றார்கள் ஜாபிர். தமக்கு அது போதாதே என்றார் வந்திருந்தவருள் ஒருவர். அவரைவிட அடர்ந்த முடியுடையவரும், அவரைவிட மேலானவருமாகிய ஒருவருக்கு அது போதுமானதாக இருந்ததே என்று அமைதியாக மறுமொழி தந்தார்கள் அந்த முதிய நபித்தோழர். ஸஹீஹுல் புகாரியின் குளிப்புப் பாடத்தில் இந்நிகழ்ச்சி இடம்பெற்றுள்ளது.

'எனக்குப் போதாதே' என்ற அக்குரல் பதினான்கு நூற்றாண்டு கடந்து இன்று நம் வீடுதோறும் ஒலிக்கின்றது. ஷவர் என்னும் தூவல் குழாயின் கீழ் நின்று நாம் குளிக்கும்போது எத்தனை ஸாவு நீர் சாக்கடைக்குப் போகின்றது என்று நம்மில் எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணிப் பார்க்க வழியும் இல்லை. ஏனெனில் நம் கையில் இன்று அளவுப் பாத்திரம் இல்லை. அளவுப் பாத்திரம் மனிதன் கையை விட்டு நழுவிய வரலாற்றையும், அது குழாய்க்குள்ளேயே மீண்டும் வந்தமரும் வரலாற்றையும் ஈண்டுச் சிறிது காண்போம்.

முத்தும் ஸாவும்

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து நீரில் உளூச் செய்வார்கள் என்றும், ஒரு ஸாவு முதல் ஐந்து முத்து வரையிலான நீரில் குளிப்பார்கள் என்றும் அனஸ் (ரலி) அறிவிக்கின்றார்கள். இங்கே முத்து என்பது கடலில் விளையும் முத்தன்று. அரபு நாட்டு முகத்தலளவை. நான்கு முத்துச் சேர்ந்தது ஒரு ஸாவு. ஷாஃபிஈ மத்ஹபின் கணக்கில் ஒரு ஸாவு ஏறத்தாழ இரண்டே முக்கால் லிட்டர் ஆகும். ஹனஃபி மத்ஹபில் அதனினும் ஒன்றரை மடங்கு.

இந்த வேறுபாட்டின் பின்னும் ஒரு சுவையான நிகழ்ச்சி உண்டு. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் தலைமாணவரான இமாம் அபூயூசுஃப் (ரஹ்) மதீனா சென்றபோது, ஸாவின் அளவைக் குறித்து இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் உரையாடினார்கள். சான்றாக மதீனாவின் முதியோர் தத்தம் தந்தையர் வழியாக வந்த ஸாவுப் பாத்திரங்களை வீடுகளிலிருந்து கொண்டுவந்து காட்டினர். அளந்து பார்த்த அபூயூசுஃப் தம் முந்திய கருத்தை விட்டு மதீனாவின் அளவை ஏற்றார்கள். அந்நகரில் அளவுப் பாத்திரம் ஒரு குடும்பச் செல்வமாகத் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது என்பதை நாம் மனத்தில் இருத்த வேண்டும்.

இவ்வளவுக்குக் குறைந்தால் குளிப்புக் கூடாது, மிகுந்தால் கூடாது என்று எவரும் விதிக்கவில்லை. உறுப்பு முழுவதும் நீர் ஓடினால் கடமை நிறைவேறும். ஆனால் வீண் செய்தல் வெறுக்கத்தக்கது. கடற்கரையில் இருந்தாலும் விரயம் கூடாது என்பதில் அறிஞர்கள் ஒருமித்துள்ளதை இமாம் நவவீ (ரஹ்) எடுத்துரைக்கின்றார்கள். ஓடும் ஆற்றின் கரையிலும் விரயம் உண்டு என்று ஸஃது (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்டதாக இப்னுமாஜாவில் காணும் ஹதீஸின் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று ஆய்வாளர் கூறுவர். எனினும் அதன் கருத்துக்கு வலுவான சான்றுகள் வேறு பல உள.

சட்டம் வடித்த பாத்திரம்

நீரைப் பற்றிய ஃபிக்ஹுச் சட்டங்கள் நீர்ப் பாத்திரங்களின் வடிவத்தையே மாற்றின என்பது பலரும் எண்ணிப் பாராத உண்மை. ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு குல்லத்து, அதாவது ஏறத்தாழ 200 லிட்டர், இருந்தால்தான் அது மிகுந்த நீர். அதற்குக் குறைந்த நீர், கடமையான கழுவுதலுக்கு ஒரு முறை பயன்பட்டுவிட்டால் மீண்டும் தூய்மை செய்ய உதவாது. எனவே சிறு பாத்திரத்திற்குள் கையை விடுவதினும் அதிலிருந்து நீரை ஊற்றிக்கொள்வதே பேணுதலாயிற்று. மூக்கு வைத்த கெண்டி முஸ்லிம் இல்லங்களில் நிலைத்த இடம் பெற இதுவும் ஒரு காரணம். மெல்லிய தாரையாக நீரை விடும் கெண்டி, சிறு கொள்ளளவில் முழு உளூவையும் முடித்துத் தரும். ஹனஃபி மத்ஹபினர் தேங்கிய நீரென்றால் பத்து முழ நீளமும் பத்து முழ அகலமும் உள்ள ஹவ்ளைத் தேடினர். இல்லையேல் ஓடும் நீரைத் தேடினர். அதனால் எகிப்தியப் பள்ளிவாசல்களில் திருகு குழாய்கள் பொருத்திய நீர்த்தொட்டிகள் எழுந்தன. அவற்றை மக்கள் 'ஹனஃபிய்யா' என்று அழைத்தனர். இன்றும் அரபு மக்கள் தண்ணீர்க் குழாய்க்கு வழங்கும் பெயர் ஹனஃபிய்யா என்பதே! ஒரு மத்ஹபின் பெயர் குழாயின் பெயராகி நிலைத்துவிட்டது.

பொறியியலாரும் வாளாவிருக்கவில்லை. கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூமூஸா சகோதரர் மூவர், தாமே திறந்து தாமே மூடும் அடைப்பான்கள் கொண்ட கருவிகளை வகுத்து 'கிதாபுல் ஹியல்' என்னும் நூலில் விளக்கினர். அவர்களுக்குப் பின் ஆமித் நகரில், இன்றைய துருக்கியின் தியார்பக்கிரில், ஆர்துகிய மன்னரிடம் பணிபுரிந்த அல்ஜஸரீ கி.பி. 1206 (ஹிஜ்ரி 602)இல் ஐம்பது கருவிகளை விளக்கும் பெருநூலை முடித்தார். பணியாளோ அடிமைப் பெண்ணோ தம் கையில் நீர் ஊற்ற, தாம் உளூச் செய்வதை மன்னர் விரும்பவில்லை. ஆதலின் தாமே நீர் ஊற்றும் கருவியொன்றைச் செய்து தருமாறு அல்ஜஸரீயிடம் கேட்டார். அவர் படைத்த கருவிகளுள் ஒன்றில், மயிலின் வாலில் உள்ள அடைப்பை இழுத்தால் அலகிலிருந்து நீர் வரும். கழுவிய நீர் அடியில் சேரச் சேர மிதவை உயரும். உரிய நேரத்தில் ஓர் உருவம் சோப்புத் தூளை நீட்டும், பிறகு மற்றோர் உருவம் துவாலையை நீட்டும். உருவங்கள் நமக்கு உவப்பானவை அல்ல. ஆயினும் அக்கருவிக்குள் நீர் ஓர் அளவோடு நிரப்பப்பட்டு, அந்த அளவோடு முடிந்தது. அதன் முடிவே உளூச் செய்பவருக்கு அறிவிப்பாயிற்று.

சிறையில் பிறந்த ஷவர்

இனி மேற்குலகிற்குச் செல்வோம். 1767இல் வில்லியம் ஃபீதம் என்னும் லண்டன் நகர அடுப்புத் தொழிலாளி, கைப்பம்பினால் நீரைத் தலைக்கு மேலுள்ள கலத்திற்கு ஏற்றிப் பொழியச் செய்யும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அதில் பொழிந்த நீரே திரும்பத் திரும்ப மேலேறிற்று. நீர் மிச்சமாயிற்று, தூய்மை மிச்சமாகவில்லை! அது பரவாது போயிற்று.

இன்றைய ஷவர் உண்மையில் பிறந்த இடம் சிறைச்சாலை. பிரான்சின் ரூவான் நகரச் சிறையில் மருத்துவராக இருந்த மெரி தெலபோஸ்ட், 1870களின் தொடக்கத்தில், கைதிகள் ஒவ்வொருவருக்கும் தொட்டி நிறைய வெந்நீர் தருவது இயலாததும், ஒருவர் குளித்த தொட்டியில் மற்றவர் இறங்குவது நோய்க்கு வாயிலும் ஆகும் என்று கண்டார். தலைக்கு மேல் குழாய் வைத்து வெந்நீரைத் தூவச் செய்தார். நீரும் குறைந்தது, விறகும் குறைந்தது, அழுக்கும் போயிற்று. படைவீரர் பாசறைகளும் அம்முறையைப் பின்பற்றின. 1883இல் பெர்லினில் நடந்த சுகாதாரக் கண்காட்சியில் தோல் மருத்துவர் ஆஸ்கர் லாஸர், ஏழை மக்களுக்கான ஷவர்க் குளியலகம் ஒன்றை அமைத்துக் காட்டினார். ஒவ்வொரு ஜெர்மானியருக்கும் வாரம் ஒரு குளியல் என்பது அவர் முழக்கம். நாள்தோறும் ஐவேளை கைகால் கழுவும் சமுதாயத்தில் பிறந்த நமக்கு அம்முழக்கம் முறுவலைத் தரலாம். ஆயினும் அவர் நோக்கம் உயர்ந்தது.

ஆக, ஷவர் சிக்கனத்தின் குழந்தையாகவே பிறந்தது. பின்னர் நகரங்களில் குழாய்நீர் பெருகி, வெந்நீர்க் கொதிகலன் வீட்டுக்கு வீடு வந்தபோது அது செல்வத்தின் குழந்தையாக வளர்ந்தது. நிமிடத்திற்கு 15 லிட்டர், 20 லிட்டர் பொழியும் ஷவர்கள் வந்தன. அத்தகைய ஒன்றின் கீழ் எட்டு நிமிடம் நிற்பவர் 120 லிட்டருக்கு மேல் செலவிடுகின்றார். அஃது ஏறத்தாழ 44 ஸாவு!

திரும்பி வந்த அளவு

வறட்சி பாடம் புகட்டிற்று. 1976-77இல் கலிபோர்னியாவை வாட்டிய வறட்சியின்போது நீரைக் கட்டுப்படுத்தும் சிறு தடுப்பு வில்லைகள் ஷவர்களில் பொருத்தப்பட்டன. 1992இல் அமெரிக்கா இயற்றிய சட்டம், 1994 முதல் ஷவர்கள் நிமிடத்திற்கு இரண்டரை காலன், அதாவது ஒன்பதரை லிட்டருக்கு மேல் பொழியலாகாது என்று வரம்பிட்டது. 2018இல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று அளவு வந்தபோது, மக்கள் ஷவரின் கீழ் வாளியை வைத்து விழும் நீரைப் பிடித்துக் கழிப்பறைக்குப் பயன்படுத்தினர்.

வெறுமனே நீரைக் குறைத்தால் குளிப்பவர் மனம் நிறையாது, சோப்பு போகாது, அவர் மேலும் நெடுநேரம் நிற்பார். எனவே குறைந்த நீரை நிறைந்த நீராக உணரச் செய்வதே வடிவமைப்பாளரின் கலையாயிற்று. ஒரு முறையில், ஒடுங்கிய வழியே நீர் விரையும்போது காற்றையும் உள்ளிழுத்துக்கொள்கின்றது; துளிகள் காற்றுடன் பருத்து விழுகின்றன. மற்றொரு முறையில், குழாய்க்குள் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அழுத்தம் மிகுந்தால் அவ்வளையம் விரிந்து வழியைக் குறுக்கும். அழுத்தம் குறைந்தால் சுருங்கி வழிவிடும். மாடிக் குடியிருப்புகளில் கீழ்த்தளத்தாருக்கும் மேல்தளத்தாருக்கும் ஒரே அளவு நீர் கிடைக்க இது உதவும். மூன்றாவது, கைக்கெட்டும் இடத்தில் ஒரு சிறு நிறுத்தி. உடலை நனைத்ததும் மூடி, சோப்பிட்டுத் தேய்த்தபின் மீண்டும் திறப்பது.

இம்மூன்றாவது முறையைக் காணும்போது நமக்கு நபிவழிக் குளிப்பே நினைவுக்கு வருகின்றது. கைகளைக் கழுவி, உளூச் செய்து, ஈரவிரலால் முடியின் வேர்க்கால்களைக் கோதி, தலையில் மும்முறை ஊற்றி, பின் உடல் முழுவதும் ஊற்றுதல். முடியின் வேர் முன்னமே நனைந்துவிடுவதால் ஊற்றும் நீர் வீணாகாமல் உட்செல்கின்றது. நீரைத் தடையின்றி ஓடவிட்டு அதன் கீழ் நிற்கும் வழக்கம் அவ்வொழுங்கில் இல்லை.

நம் வீடும் நம் பள்ளியும்

நம் ஊர் வீடுகளில் ஒரு தனி இடர் உண்டு. வெளிநாட்டுச் சிக்கன ஷவர்கள் மிகுந்த அழுத்தத்திற்கென அமைந்தவை. நீர்மட்டம் பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கிடைக்கும். நம் மாடித் தொட்டியோ ஷவருக்கு இரண்டு மூன்று மீட்டருக்கு மேல்தான் இருக்கின்றது. அங்கே காற்றுக் கலக்கும் ஷவர் சொட்டத்தான் செய்யும். சிறு முகமும், குறைந்த எண்ணிக்கையில் நுண்துளைகளும், எளிதில் மூடும் நிறுத்தியும் கொண்ட ஷவரே நம் வீட்டுக்கு ஏற்றது. வாங்கியபின் அதன் கீழ் ஒரு வாளியை வைத்து ஒரு நிமிடம் ஓடவிட்டு அளந்து பாருங்கள். ஆறு ஏழு லிட்டர் என்றால் நன்று. அதில் மூன்று நிமிடம் மட்டும் திறந்து குளித்தால் ஒரு வாளி நீரில் குளிப்பு முடிந்துவிடும். பத்து லிட்டரைத் தாண்டினால், பழைய வாளியும் செம்புமே உங்களுக்குச் சிறந்தது.

"வாளியில் குளித்தால் பட்ட நீர் தெறித்து விழுமே, அதனால் பேணுதலுக்காக ஷவரில் குளிக்கின்றோம்" என்பாரும் நம்மிடையே உளர். பேணுதல் நல்லதே. ஆனால் பேணுதலின் பெயரால் நூறு லிட்டரை ஓடவிடுவது பேணுதலன்று. அது வஸ்வாஸ் என்னும் வீண் ஐயத்தின் வாயில். இத்தகையோருக்கே அளவறிந்து பொழியும் ஷவர் மிகவும் ஏற்றது. தூய்மையும் நிலைக்கும், விரயமும் நீங்கும்.

பள்ளிவாசல் குழாய்கள் குறித்து இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். நம் மதரஸாக்களில் தலைமுறை தலைமுறையாக ஓதப்படும் 'ஃபத்ஹுல் முயீன்', மலபாரின் ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள் பதினாறாம் நூற்றாண்டில் யாத்த நூல். மும்முறைக்கு மேல் கழுவுவது மக்ரூஹ் என்னும் அந்நூல், தூய்மைக்கென வக்ஃபு செய்யப்பட்ட நீரில் அவ்வாறு மிகைப்படுத்துவது ஹராம் என்கின்றது. இச்சட்டத்தை நாம் மாணவர்க்குப் பாடம் சொல்கின்றோம். பாடம் முடிந்து உளூச் செய்யப் போகும்போது குழாயை முழுவதும் திறந்துவிட்டுத் தலைக்கு மஸ்ஹு செய்கின்றோம். குற்றம் மாணவர் மேல் மட்டும் இல்லை. பழைய ஹவ்ளில் கழுவியவர் நீரின் மட்டம் தாழ்வதைக் கண்ணால் கண்டார். குழாயில் அது தெரிவதில்லை.

2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டதை நாம் மறக்கவில்லை. ஜூலைத் திங்களில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் நீர் வந்தது. ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். குடத்தோடு வரிசையில் நின்ற அந்நாளில் ஒரு ஸாவின் அருமை அனைவருக்கும் தெரிந்தது. மழை பெய்ததும் மறந்தோம்.

மதீனத்துப் பெரியோர் ஸாவுப் பாத்திரத்தைத் தம் மக்களுக்கு விட்டுச் சென்றனர். நாம் நம் மக்களுக்கு எதை விட்டுச் செல்லப் போகின்றோம்? பள்ளிவாசல் நிர்வாகிகள் சிறு தாரையாக விழும், தாமே மூடிக்கொள்ளும் குழாய்களைப் பொருத்தட்டும். தாய்மார்கள் பிள்ளைகளுக்குக் குளிப்பின் ஃபர்ளையும் சுன்னத்தையும் கற்பிக்கும்போதே, குழாயை மூடித் தேய்க்கவும் கற்பிக்கட்டும். உண்ணுங்கள், பருகுங்கள், விரயம் செய்யாதீர்கள் எனப் பணித்த இறைவன், நாம் ஓடவிட்ட ஒவ்வொரு துளிக்கும் கணக்குக் கேட்பான் என்னும் அச்சம் நம் உள்ளத்தில் இருக்குமாயின், அதுவே தலைசிறந்த அளவுப் பாத்திரம். அந்த அச்சத்தையும், அருளாகிய நீரையும் வல்ல அல்லாஹ் நமக்கும் நம் சந்ததியினருக்கும் நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.