வேரிலிருந்து வந்த கட்டி

இறைச்சி, பால், நெய், முட்டை எதுவும் சேர்க்காமல் பல நாட்டுச் சமையலையும் வீட்டில் செய்யத் தொடங்கியபோது, என் அலமாரியில் புதுக் குப்பிகள் பல வந்து சேர்ந்தன. லெபனான் சாலடுக்குப் புளிப்பான சுமாக். ஸ்பெயின் நாட்டுப் புகைமணக்கும் மிளகாய்த்தூள். டோஃபுவை முட்டைப்பொரியல்போல் மணக்க வைக்கும் காலா நமக். எல்லாம் வந்த பிறகும் இறைச்சிக் குழம்புகளின் அடிச்சுவை மட்டும் கைகூடவில்லை. அதைத் தந்தது கடையில் தேடி வாங்கிய எதுவும் அல்ல, அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இறுக மூடி வைத்திருந்த கட்டிப் பெருங்காயம்தான்.

அது பிறப்பது ஈரான், ஆப்கானிஸ்தான் மலைச்சரிவுகளின் வறண்ட மண்ணில். கொத்தமல்லிக்கும் கேரட்டுக்கும் உறவுக்காரச் செடி. பல ஆண்டுகள் இலை மட்டுமே விட்டு, வலுவையெல்லாம் தடித்த வேரில் சேர்த்துவைக்கும். பிறகு ஒரே ஒருமுறை பூத்து மடியும். அந்தப் பூ வருவதற்கு முன்பே ஆட்கள் வந்துவிடுகிறார்கள். மண்ணை விலக்கி, வேரின் தலையைச் சீவுகிறார்கள். பால் கசிந்து இறுகுகிறது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி மெல்லியதாகச் சீவுகிறார்கள். வேர் வற்றும்வரை வாரக்கணக்கில் இப்படியே நடக்கும். விதைவிடாமலே செத்துப்போகும் செடி அது. குழம்பில் ஒரு சிட்டிகை போடும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

இன்றைய லிபியாவில் பழங்காலத்தில் இருந்த சைரீன் நகரம், பெருங்காயத்தின் உறவுச் செடி என்று கருதப்படும் சில்ஃபியத்தை விற்றே செழித்தது. காசுகளிலும் அதன் உருவத்தைப் பொறித்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் அது கிடைக்காமலே போனது; கடைசியாக அகப்பட்ட ஒற்றைத் தண்டை நீரோ மன்னனுக்கு அனுப்பினார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். அதன் இடத்தைப் பிடித்தது கிழக்கிலிருந்து வந்த பெருங்காயம். ரோமானியர் அதை மட்டமான சரக்கு என்றே எண்ணினார்கள். பின்னாளில் ஐரோப்பியர் பிசாசின் மலம் என்று பெயர் வைத்து ஒதுக்கினார்கள். நம் அடுப்படி அதை விடவில்லை.

இத்தனை காலம் உண்டும் நாம் பயிரிடவில்லை. 2020 அக்டோபரில்தான் இமாசலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் முதல் நாற்று நடப்பட்டது. இன்றும் மூலப் பிசின் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. அதன் காரத்தைத் தணிக்க இங்கே மாவும் கருவேலம் பிசினும் கலக்கிறார்கள். கோதுமை ஒவ்வாதவர்கள் டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படித்துத்தான் வாங்க வேண்டும். அரிசி மாவு கலந்ததும் கிடைக்கிறது.

பச்சையாக முகர்ந்தால் முகம் சுளிக்க வைப்பது அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள். வெங்காயத்திலும் பூண்டிலும் இருப்பவற்றுக்குச் சொந்தம் அவை. சூடான எண்ணெயில் விழுந்ததும் அந்த நெடி அடங்கி, வதங்கிய வெங்காயத்தின் மணமாகக் கனிந்துவிடும். பூண்டு தொடாத ஜைனர்கள் இதை எப்போதோ கண்டுகொண்டார்கள்.

போன வாரம் பாஸ்தாவுக்கு ரகு என்னும் இத்தாலிய இறைச்சிக் குழம்பைச் செய்தேன். இறைச்சிக்குப் பதில் மைசூர்ப் பருப்பும் காளானும். ஆலிவ் எண்ணெய் காய்ந்ததும் மிளகளவு கட்டி ஒன்றைப் போட்டேன். பொரிந்து உப்பியதைக் கரண்டியால் நசுக்கிவிட்டுக் காளானைக் கொட்டினேன். அடுத்த அறையிலிருந்து குரல் வந்தது: “என்னம்மா, சாம்பாரா?”