அமெரிக்காவில் உணவுத் துணைப்பொருள் கட்டுப்பாட்டின் வரலாறு

விட்டமின் மாத்திரைகள், தாது உப்புக் குளிகைகள், மூலிகைச் சாறுகள், புரதப் பொடிகள் போன்றவை உணவுத் துணைப்பொருட்கள் எனப்படுகின்றன. இவை அன்றாட உணவோடு கூடுதலாக உட்கொள்ளப்படுபவை. வடிவத்தில் மருந்தைப் போன்றிருந்தாலும் அமெரிக்கச் சட்டம் இவற்றை உணவின் ஒரு வகையாகவே கருதுகிறது. இதனால், ஒரு பொருள் பாதுகாப்பானது என்பதை விற்பவர் முன்கூட்டியே நிரூபிக்க வேண்டுமா, அல்லது அது ஆபத்தானது என்பதை அரசு பின்னர் நிரூபிக்க வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. இத்துறையின் வரலாறு பெரும்பாலும் இக்கேள்விக்கு வெவ்வேறு காலங்களில் தரப்பட்ட விடைகளின் வரலாறே ஆகும்.

தொடக்ககாலச் சட்டங்கள்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் சர்வரோக நிவாரணிகள் கட்டுப்பாடின்றி விற்கப்பட்டன. அவற்றில் பலவற்றில் சாராயமும் அபினும் கலந்திருந்தன. வேளாண்மைத் துறையின் தலைமை வேதியியலாளர் ஹார்வி வைலி பல ஆண்டுகள் நடத்திய பரப்புரையின் பயனாக, 1906ஆம் ஆண்டு தூய உணவு மற்றும் மருந்துச் சட்டம் நிறைவேறியது. இச்சட்டம் கலப்படத்தையும் பொய்யான பெயர்ச்சீட்டையும் தடுத்தது. ஆனால் விற்பனைக்கு முன் பாதுகாப்புச் சோதனை வேண்டும் என்று கோரவில்லை.

அந்தக் குறையின் விளைவு 1937இல் வெளிப்பட்டது. சல்ஃபானிலமைடு என்னும் மருந்தைத் திரவமாக்க டைஎதிலீன் கிளைக்கால் என்ற நச்சுக் கரைப்பான் பயன்படுத்தப்பட்டது. அதைக் குடித்த நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் குழந்தைகள் பலர். மறு ஆண்டே நிறைவேறிய 1938ஆம் ஆண்டுச் சட்டம், புதிய மருந்துகள் பாதுகாப்பானவை என்பதை விற்பனைக்கு முன்பே நிறுவனங்கள் காட்ட வேண்டும் என்று விதித்தது. தாலிடோமைடு மருந்தால் ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஊனத்துடன் பிறந்ததைத் தொடர்ந்து, 1962இல் மருந்தின் பயனும் நிரூபிக்கப்பட வேண்டும் என்ற விதி சேர்ந்தது. இவ்வாறு மருந்துகளுக்கான விதிகள் படிப்படியாக இறுகின. விட்டமின்கள் இவ்வளையத்துக்கு வெளியே இருந்தன.

விட்டமின் சர்ச்சை

1973இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், நாளொன்றுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவில் 150 விழுக்காட்டைத் தாண்டும் விட்டமின் மாத்திரைகளை மருந்தாகக் கருத முற்பட்டது. நுகர்வோரும் விற்பனையாளர்களும் இதைக் கடுமையாக எதிர்த்தனர். விஸ்கான்சின் மாநில செனட்டர் வில்லியம் பிராக்ஸ்மயர் முன்னெடுத்த 1976ஆம் ஆண்டுத் திருத்தம், வீரியம் மிகுதி என்ற காரணத்துக்காக மட்டும் ஒரு விட்டமினை மருந்தாக வகைப்படுத்தும் அதிகாரத்தை நிர்வாகத்திடமிருந்து பறித்தது.

1989இல் எல்-டிரிப்டோஃபான் என்னும் அமினோ அமிலத் துணைப்பொருளை உட்கொண்டவர்களிடம் கடுமையான தசைவலியும், இரத்தத்தில் ஒருவகை வெள்ளையணுப் பெருக்கமும் காணப்பட்டன. நியூ மெக்சிகோவில் முதலில் கண்டறியப்பட்ட இந்நோய் 1,500க்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. 30க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பாதிப்பின் பெரும்பகுதி ஜப்பானில் ஒரே நிறுவனம் தயாரித்த சரக்கோடு தொடர்புடையதாக அறியப்பட்டது. தூக்கத்துக்காகவும் மன அமைதிக்காகவும் வாங்கப்பட்ட ஒரு மாத்திரை இவ்வளவு பேரைப் பாதித்ததால், கட்டுப்பாட்டை இறுக்க நிர்வாகம் முனைந்தது.

1994ஆம் ஆண்டுச் சட்டம்

அம்முயற்சிக்கு எதிராக எழுந்த இயக்கம் பெரியது. விட்டமின்களை அரசு பறிக்கப்போகிறது என்று விளம்பரங்கள் எச்சரித்தன. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதங்கள் குவிந்தன. யூட்டா மாநிலத்தின் ஆரின் ஹாட்ச், அயோவா மாநிலத்தின் டாம் ஹார்கின் ஆகிய செனட்டர்கள் கட்சி வேறுபாட்டைக் கடந்து முன்னின்றனர். 1994 அக்டோபர் 25 அன்று உணவுத் துணைப்பொருள் உடல்நல மற்றும் கல்விச் சட்டத்தில் குடியரசுத் தலைவர் பில் கிளின்டன் கையெழுத்திட்டார். அதன் முக்கிய கூறுகள்:

- துணைப்பொருட்கள் உணவாகவே கருதப்படும். விற்பனைக்கு முன் அரசின் ஒப்புதல் தேவையில்லை.
- 1994 அக்டோபர் 15க்கு முன் சந்தையில் இல்லாத புதிய சேர்மானம் என்றால், பொதுவாக விற்பனைக்கு 75 நாள்களுக்கு முன் நிர்வாகத்துக்கு அறிவிக்க வேண்டும்.
- உடலின் அமைப்பு, செயல்பாடு பற்றிய கூற்றுகளை அச்சிடலாம். ஆனால் அக்கூற்றை நிர்வாகம் மதிப்பிடவில்லை என்றும், பொருள் எந்த நோயையும் குணப்படுத்துவதற்கானது அன்று என்றும் குறிப்பிட வேண்டும்.
- ஒரு பொருள் ஆபத்தானது என்றால், அதை நிரூபிக்கும் பொறுப்பு அரசுக்கே உரியது.

எஃபெட்ரா தடை

கடைசிக் கூறின் விளைவை எஃபெட்ரா விவகாரம் காட்டியது. சீன மருத்துவத்தில் மா ஹுவாங் எனப்படும் இம்மூலிகை, அங்கு சுவாசக் கோளாறுகளுக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டது. அதிலுள்ள எஃபெட்ரின் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்தும். 1990களில் அமெரிக்காவில் இது உடல் எடையைக் குறைக்கவும் விளையாட்டுத் திறனைக் கூட்டவும் விற்கப்பட்டது. மாரடைப்பு, பக்கவாதம், வலிப்பு பற்றிய முறையீடுகள் பெருகின.

1997இல் நிர்வாகம் எஃபெட்ரின் அளவுக்கு உச்சவரம்பு விதிக்க முன்மொழிந்தது. அரசின் தணிக்கை அமைப்பு 1999இல், அந்த வரம்புக்கான சான்றுகள் போதாது என்றது. 2000இல் அவ்வரம்பு கைவிடப்பட்டது. இதற்கிடையே ஒரு பெரிய தயாரிப்பு நிறுவனத்துக்கு வாடிக்கையாளர்களிடமிருந்து வந்திருந்த 14,000க்கும் மேற்பட்ட முறையீட்டுப் பதிவுகள் 2002இல்தான் அரசின் கைக்கு வந்தன. அவற்றை முன்பே ஒப்படைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

2003 பிப்ரவரியில் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் 23 வயது பந்துவீச்சாளர் ஸ்டீவ் பெக்லர், பயிற்சியின்போது வெப்பத் தாக்குதலுக்கு ஆளாகி இறந்தார். எஃபெட்ரா அவரது மரணத்துக்குத் துணைக் காரணமாக இருந்தது என்று உடற்கூறாய்வாளர் கூறினார். அவ்வாண்டே இல்லினாய் மாநிலம் அதைத் தடை செய்தது. 2004 ஏப்ரலில் நாடு தழுவிய தடை நடைமுறைக்கு வந்தது. 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒரு சேர்மானம் தடைசெய்யப்பட்டது அதுவே முதல் முறை. குறைந்த அளவும் ஆபத்தானது என்று அரசு நிரூபிக்கவில்லை எனக் கூறி, 2005இல் யூட்டா கூட்டரசு நீதிமன்றம் அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2006இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றித் தடையை உறுதி செய்தது.

பிந்தைய மாற்றங்கள்

2006 டிசம்பரில் நிறைவேறிய சட்டம், கடுமையான பாதிப்பு பற்றிய முறையீடுகளை 15 வேலை நாள்களுக்குள் அரசுக்கு அனுப்ப நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தியது. 2007இல் தயாரிப்புத் தரம் பற்றிய விரிவான விதிகள் வெளியாயின. 2011ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஆபத்தான பொருளைத் திரும்பப் பெறுமாறு ஆணையிடும் அதிகாரத்தை நிர்வாகத்துக்கு அளித்தது.

மதிப்பீடு

1994இல் ஏறத்தாழ 4,000ஆக இருந்த துணைப்பொருட்களின் எண்ணிக்கை 50,000ஐத் தாண்டிவிட்டதாக நிர்வாகம் 2019இல் தெரிவித்தது. விரும்பிய சத்தை வாங்கும் உரிமையை 1994ஆம் ஆண்டுச் சட்டம் காத்தது என்பர் ஆதரவாளர்கள். மருந்துக்கு முன்கூட்டியே கேட்கப்படும் சான்று, துணைப்பொருளுக்குப் பாதிப்பு நேர்ந்த பின்னரே தேடப்படுகிறது என்பர் எதிர்ப்பவர்கள். எஃபெட்ரா தொடர்பான முதல் முன்மொழிவுக்கும் இறுதித் தடைக்கும் இடையே கடந்த ஏழு ஆண்டுகள், இவ்விவாதத்தில் இன்றும் சுட்டப்படுகின்றன.