பால்வாடிக்குப் பேர் வந்த கதை

மலருக்கு வரலாற்றுக் கட்டுரை கேட்டாங்க. ஆண்டாள் கதையும் கோபுரக் கதையும் நமக்குத் தெரிஞ்சதுதான். அதனால் நம்ம பிள்ளைகள் போற பால்வாடியின் கதையை எழுதுகிறேன்.

1945-ல் மகாராஷ்டிராவில் போர்டி என்ற கிராமத்தில் தாராபாய் மோடக் சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். கூடவே வந்தவர் அனுதாய் வாக். 13 வயசுல கல்யாணம், ஆறு மாசத்துக்குள்ள விதவை. அதுக்கப்புறம் படிச்சு டீச்சர் ஆனவர். பிறகு ரெண்டு பேரும் கோஸ்பாட் மலைப்பக்கம் போய் வார்லி பழங்குடிப் பிள்ளைகளோட வேலை செஞ்சாங்க. பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடி அவங்க வீட்டு முற்றத்துக்கே போனாங்க. கல், சிப்பி, இலைதான் பாடப் பொருள். கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சியும் கொடுத்தாங்க. 'அங்கன்' என்றால் முற்றம். அங்கன்வாடி என்ற பேர் அப்படி வந்ததுதான். 1975 அக்டோபர் 2-ல் 33 வட்டாரங்களில் அரசுத் திட்டம் தொடங்கியபோது அந்தப் பேர் நாடு முழுக்கப் பரவியது.

பேர் வந்தது சரி, அந்த முற்றத்துப் பேச்சு வந்ததா? ராஜபாளையத்தில் தெலுங்கு பேசுற வீடுகள் நிறைய. பிள்ளை "நீள்ளு" என்று கேட்டால், தண்ணீர்தான் கேட்குது என்று டீச்சருக்குப் புரியணும். ஊருக்குள்ள யாராவது சொல்லிடுவாங்க. செண்பகத்தோப்பு, அய்யனார் கோவில் பக்கம் இருக்கிற பளியர் பிள்ளைகளுக்கு யார் சொல்லுவா? அவங்க பேச்சு தமிழுக்கு நெருக்கம், ஆனாலும் தனி. எழுத்து கிடையாது. பாட்டிமார் வாயில்தான் இருக்கு. பிள்ளை சொன்ன சொல்லைக் கேட்டு டீச்சர் சிரிச்சுட்டா அது மறுபடி வாயைத் திறக்காது.

நியூசிலாந்தில் மாவோரி மக்களுக்கு இதே கவலை வந்தது. முந்தைய தலைமுறை பள்ளியில் தன் மொழி பேசினதுக்கு அடி வாங்கினது. 1982-ல் வெலிங்டன் பக்கத்தில் 'மொழிக் கூடு' என்று ஒரு பால்வாடி தொடங்கினாங்க. அங்கே பாட்டிமார் வந்து உட்கார்ந்து மாவோரி மட்டுமே பேசினாங்க. சில வருஷத்தில் அது நூற்றுக்கணக்கில் பெருகியது. டீச்சர் பயிற்சியையும் தங்க மொழியிலேயே தாங்களே நடத்தினாங்க. 1987-ல் மாவோரி ஆட்சிமொழியும் ஆயிருச்சு. ஒடிசா அரசும் 2007-ல் 10 பழங்குடி மொழிகளில் ஆரம்ப வகுப்பு தொடங்கியது. டீச்சர்களையும் அந்த மொழி பேசுறவங்களில் இருந்தே எடுத்தாங்க.

அங்கன்வாடி வேலைக்கு விளம்பரம் வரும்போது, படிச்ச பளியர் பெண்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்க நம்ம கூட்டமைப்பால் முடியும். டீச்சர் பயிற்சியில் ஒரு நாள் பளியர் பாட்டி ஒருத்தர் வந்து சொல்லிக் கொடுக்கட்டும் என்று கேட்டு மனுவும் கொடுக்கலாம். அந்தப் பாட்டிக்கு பஸ் காசும் அன்றைய கூலியும் தரணும். சும்மா கூப்பிடக் கூடாது.