இடித்தேவன் தோர்: கோயிலும் படக்கதையும்

வாரத்தில் ஒரு நாளை நாம் வியாழக்கிழமை என்கிறோம். ஆங்கிலேயர் 'தேர்ஸ்டே' என்பர். அச்சொல் 'தோரின் நாள்' எனப் பொருள்படும். உரோமர் அந்நாளை வியாழக் கோளுக்குரிய ஜூப்பிட்டர் தெய்வத்தின் பெயரால் வழங்கினர். ஜெர்மானிய இனத்தார் அத்தெய்வத்திற்கு ஈடாகத் தம் இடித்தேவனாகிய தோரை வைத்தனர். இத் தோரின் பெயரை இன்றைய மாணவர் பலர் அமெரிக்கப் படக்கதையிலும் திரைப்படத்திலுமே முதலில் அறிகின்றனர். தோர் தெய்வமா, ஆற்றல் மிக்க கதைத்தலைவனா என்பது இரசிகரிடையே ஓயாத வழக்கு. அவ்வழக்கைத் தீர்க்க வரலாறு எவ்வாறு துணை செய்யும் என்று காண்போம்.

பழைய தோர் செந்தாடியன். வெள்ளாடுகள் பூட்டிய தேரில் வருபவன். சம்மட்டியால் அரக்கரை அடிப்பவன். பதினோராம் நூற்றாண்டில் பிரேமன் நகரத்து ஆதாம் என்னும் பாதிரியார், சுவீடனின் உப்சாலாக் கோயிலைப் பற்றிக் கேட்டறிந்து எழுதியுள்ளார். ஆங்கே தோரின் உருவம் நடுவிலும், ஏனைய இரு தெய்வங்கள் இருபுறத்திலும் இருந்தன என்றும், பஞ்சமும் கொள்ளைநோயும் வருங்கால் மக்கள் தோருக்கே பலியிட்டனர் என்றும் அவர் கூறுகிறார். உழவரும் கடலோடிகளும் நம்பி வாழ்ந்த தெய்வம் அது.

பின்னர்க் கிறித்துவம் பரவியது. டென்மார்க்கில் கிடைத்த பத்தாம் நூற்றாண்டு மாக்கல் அச்சு ஒன்றில், சிலுவையும் வார்க்கலாம். தோரின் சம்மட்டியும் வார்க்கலாம். கொல்லன் இரு சமயத்தார்க்கும் அணி செய்து கொடுத்தான் போலும்! கி.பி. 1000-ஆம் ஆண்டளவில் ஐஸ்லாந்து மக்கள் தம் பொதுமன்றத்தில் கூடிக் கிறித்துவத்தை ஏற்றனர். வழிபாடு மறைந்தது, கதைகள் மறையவில்லை.

அக்கதைகளைக் காத்தவர் தோரை வணங்கியவர் அல்லர். 1220-ஆம் ஆண்டளவில் 'எட்டா' என்னும் நூலை இயற்றிய ஸ்நோரி ஸ்டுர்லுசன் ஒரு கிறித்துவர். பழங்கதை அறியாதார்க்குப் பழம்பாட்டின் உவமைகள் விளங்கா. ஆதலின் இளம்புலவர்க்காக அவர் அக்கதைகளைத் தொகுத்தார். ஆயின், அத்தெய்வங்கள் திராய் நகரிலிருந்து வந்த மனிதரே என்று முன்னுரையில் எழுதிவைத்தார். தெய்வத்தை மனிதனாக்கிய பின்னரே அவரால் அதன் கதையைக் கூற முடிந்தது.

1962-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் இதன் மறுதலை நிகழ்ந்தது. மார்வெல் நிறுவனத்தின் 'ஜர்னி இன்டு மிஸ்டரி' என்னும் இதழின் 83-ஆம் எண்ணில், ஸ்டான் லீ, லாரி லீபர், ஜாக் கர்பி ஆகியோர் புதிய தோரைப் படைத்தனர். லீயும் கர்பியும் யூதக் குடியேறிகளின் மக்கள். அவர்தம் கதையில், கால் ஊனமுற்ற மருத்துவன் ஒருவன் நார்வேயில் குகையொன்றில் கண்ட கைத்தடியைத் தரையில் தட்டத் தோராக மாறுகிறான். செந்தாடி போயிற்று, பொன்முடி வந்தது. தகுதியுடையோனே சம்மட்டியைத் தூக்க இயலும் என்னும் விதியும் புதிதாகச் சேர்ந்தது. பழங்கதையில் அது வலிமையின் கருவி. படக்கதையில் அறத்தின் உரைகல்.

2011-ஆம் ஆண்டில் வெளிவந்த திரைப்படம் தோரை வேற்றுலகத்தான் ஒருவனாகக் காட்டியது. 2012-ஆம் ஆண்டுப் படத்தில் மற்றொரு வீரன், கடவுள் ஒருவரே என்று கூறித் தோரின் தெய்வத்தன்மையை மறுக்கிறான். 2013-ஆம் ஆண்டுப் படத்திலோ தோரின் தந்தை ஓடினே, 'நாங்கள் பிறக்கிறோம், இறக்கிறோம். ஆகவே கடவுளர் அல்லேம்' எனும் கருத்துப்படப் பேசுகிறான். இரசிகருள் ஒரு சாரார் இதனையே முடிந்த முடிபாகக் கொள்வர்.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று எண்ணுதல் வேண்டும். பிறப்பிறப்பு இல்லாததே கடவுள் என்பது யாருடைய இலக்கணம்? வடபுலத்துப் பழஞ்சமயத்தில் தெய்வங்கள் இறக்கும். ஊழிப்போரில் தோர் பெரும்பாம்பைக் கொன்று, அதன் நஞ்சால் ஒன்பதடி நடந்து வீழ்வான் என்பது அவர்தம் நம்பிக்கை. இறப்பான் என அறிந்தே மக்கள் அவனை வணங்கினர். ஆகவே, 'இறப்பதால் தெய்வமன்று' என்பது ஒரு சமயத்தின் அளவுகோலால் மற்றொன்றை அளப்பதாகும். நம் தெய்வங்களைப் பிறர் அவ்வாறு அளந்தபோது நாம் வருந்தினோம் அல்லவா?

இவ்வழக்கு வெறும் சொற்போரும் அன்று. ஐஸ்லாந்தில் 1972-ஆம் ஆண்டு பழஞ்சமயத்தார் சங்கம் ஒன்று நிறுவினர். 1973-இல் அரசு அதனை ஏற்றது. அமெரிக்க அரசு 2013-ஆம் ஆண்டில், மறைந்த படைவீரர் கல்லறைகளில் பொறிக்கத்தக்க சமயச் சின்னங்களுள் தோரின் சம்மட்டியையும் சேர்த்தது. ஒருவர்க்குப் பொழுதுபோக்காகிய பொருள் மற்றொருவர் கல்லறையில் நம்பிக்கையாக நிற்கிறது.

ஆகவே, மாணவன் தோரைப் பற்றிக் கேட்பானாயின், 'அது வெறும் சினிமா' என்று ஆசிரியர் தள்ளிவிடலாகாது. கோயிலில் இருந்த தோர் ஒருவன். ஏட்டில் இருந்த தோர் ஒருவன். திரையில் தோன்றும் தோர் மற்றொருவன். இம்மூவரையும் வேறுபிரித்துக் காட்டுவது வரலாற்று ஆசிரியர் கடன். அவ்வேறுபாட்டை உணர்ந்தவன் திரைப்படத்தையும் சுவைப்பான். பிறர் நம்பிக்கையையும் இகழான்.