குர்துபாவின் தூண்கள்

வாழ்நாளில் ஒருமுறையேனும் காண வேண்டும் என நாம் ஏங்கும் தொன்மைமிகு தலங்களுள் ஸ்பெயின் நாட்டின் குர்துபா பள்ளிவாசல் முதன்மையானது. இன்றைய வரைபடத்தில் அந்நகரின் பெயர் கோர்டோபா.

உமையா மரபினரான முதலாம் அப்துர் ரஹ்மான் கி.பி. 785-ஆம் ஆண்டளவில் இப்பள்ளியைக் கட்டத் தொடங்கினார். ரோமர் காலக் கட்டடங்களின் பழைய தூண்கள் பலவற்றை மீண்டும் பயன்படுத்தினர். அவை உயரம் குறைந்தவை. ஆதலால் வளைவின்மேல் வளைவு எழுப்பிக் கூரையை உயர்த்தினர். செங்கல்லும் வெண்கல்லும் மாறிமாறி அமைந்த அவ்வளைவுகளின் பாங்கையே, பின்னர் மும்முறை பள்ளியை விரிவாக்கியோரும் பின்பற்றினர்.

1236-இல் நகரம் காஸ்டைல் மன்னர் வசமாயிற்று, பள்ளி தேவாலயமாக்கப்பட்டது. 1523-இல் நடுப்பகுதியை இடித்துப் புதிய பேராலயம் எழுப்ப முற்பட்டபோது எதிர்த்து நின்றது, கிறித்தவர்களைக் கொண்ட அந்நகர மன்றமே! இடிப்புப் பணிக்குச் செல்லும் தொழிலாளருக்கு மரண தண்டனை என்றுகூட அது எச்சரித்தது. பேரரசர் ஐந்தாம் சார்லஸின் அனுமதியால் பணி நடந்தேறியது. எனினும் 850-க்கும் மேற்பட்ட தூண்கள் இன்றும் நிற்கின்றன. 1984-இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அன்பார்ந்த ஜமாஅத்தார்களே! குர்துபா செல்லும் வாய்ப்பு நம்மில் சிலருக்கே கிட்டலாம். ஆனால், முன்னோர் எழுப்பிய கல்தூண்களும் வளைவுகளும் நம் ஊர்களிலும் உண்டு. இடநெருக்கடியால் பள்ளியை விரிவாக்க நேரும்போது, பழையதை இடிக்காமலே இடம் காண முடியுமா என முதலில் ஆராய்வோம். இடித்தபின் வருந்துவதால் எந்தத் தூணும் மீண்டும் எழாது.